சனிக்கிழமைக் குவார்ட்டர்பேக்குகள்

அமெரிக்காவில், பேர்லேண்டில் சனிக்கிழமை மதியம் எங்கள் தெருவில் ஈ, காக்கை இருக்காது. வெயிலுக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குள். வரிசையாகக் காரேஜ் கதவுகள் மூடிக் கிடக்கும். நான் மட்டும் தயிர்சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, டிவியில் ஹெல்மெட் போட்ட இருபது வயதுப் பையன் ஒருவனைத் திட்டிக்கொண்டிருப்பேன். எறிந்து தொலைக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்ன வேடிக்கை பார்க்கிறான் என்று கேட்பேன். நாமக்கல்லில் பிறந்து, கணக்குப் படித்து, சாஃப்ட்வேர் டெஸ்டிங்கிலேயே தலை நரைத்த ஒருத்தி அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இப்படி விழுந்து கிடக்கிறாள் என்று ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் சொன்னதும் இல்லை.

பக்கத்து ஸ்டூலில் போன், ஸ்பீக்கரில் இருக்கும். மறுமுனையில், ப்ளேனில் போக வேண்டிய தூரத்தில், சான்டா கிளாராவில் வேலை பார்க்கும் என் மகன். ஒரே மகன். வாரநாட்களில் அவனிடமிருந்து எனக்கு வருவது ஒரு கட்டைவிரல் படம். சாப்பிட்டாயா என்று கேட்டால் கட்டைவிரல். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் அதே கட்டைவிரல். சனிக்கிழமை அவன் படித்த கல்லூரியின் ஆட்டம் தொடங்கும்போதுதான் போன் அடிக்கும். ஆட்டம் முடியும்வரை அவன் குரல் என் ஹாலில் இருக்கும். ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை என்பது நாங்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒப்பந்தம். செப்டம்பர் முதல் நவம்பர்வரை எனக்கு ஒரு மகன் இருக்கிறான், மற்ற மாதங்களில் ஒரு கட்டைவிரல் இருக்கிறது என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். சிரிப்பு ரொம்ப நேரம் நிற்காது.

இந்தப் பழக்கம் ஒரு சாவு வீட்டில் தொடங்கியது. மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது என் கணவர் ஆபீஸிலேயே மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். கோயில் வட்டாரத்து அங்கிள்களும் ஆன்டிகளும் அலுமினிய ட்ரேக்களில் சாப்பாடு கொண்டுவந்து வீட்டை நிறைத்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அது அவர்கள் தப்பில்லை. மாடியில் அவன், கீழே நான் என்று மிச்சமிருந்தோம். எங்கள் வீட்டில் பேசுகிறவர் அவர்தான். நான் மகனைக் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்பேன், மகன் எனக்குச் சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்வான். இரண்டு பக்கமும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று இல்லாமல் போனதும் எங்களுக்கு நேராகப் பேசத் தெரியவில்லை. சாதம் வச்சிருக்கேன் என்பேன். ஓகே என்பான். அவ்வளவுதான்.

அப்படி ஒரு சனிக்கிழமை அவன் கீழே வந்து டிவியைப் போட்டான். அவன் கல்லூரி ஆட்டம். எதிரணிப் பையன்கள் எல்லாரும் சேர்ந்து ஒருவன் மேலேயே போய் விழுந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏன் சாமி, எல்லாரும் அந்த ஒரு பையனையே போட்டு மிதிக்கறாங்க? அவன் என்ன பண்ணான்?" என்று கேட்டேன்.

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த வாரம் முழுக்க அவன் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். அவன்தான் குவார்ட்டர்பேக், பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும், யாருக்கு எறிவது என்று அவன்தான் முடிவெடுக்க வேண்டும், அதற்குள் அவனைக் கீழே தள்ளத்தான் எதிரணி ஓடி வருகிறது என்று விளக்கினான். பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு என்றான். அவனுக்கு முன்னால் மதில்போல நிற்கும் ஐந்து குண்டுப் பையன்களின் வேலை இவனைக் காப்பது மட்டும்தான் என்றான். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அவன் பேசிக்கொண்டே இருந்தான். நான் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டே இருந்தேன். கேள்வி தீர்ந்தால் அவன் மாடிக்குப் போய்விடுவான் என்று எனக்குப் பயம். ஃபுட்பால் எனக்குப் பிடித்ததால் கற்றுக்கொண்டேன் என்று யாராவது நினைத்தால் அது சுத்தப் பொய்.

ஆட்டக்காரர்களின் பெயர் என் வாயில் நுழையவில்லை. அதனால் நாங்கள் இருவரும் தமிழில் பட்டப்பெயர் வைக்க ஆரம்பித்தோம். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் என் மகன் இதில் மட்டும் தமிழுக்கு வந்தான்.

முதலாவது ஆள் மாப்பிள்ளை. கணவர் இறந்த வருடம் ஆடியவன் அவன்தான். மைதானத்துக்குள் வருவதே ஜானவாச ஊர்வலம் மாதிரி இருக்கும். அழகன், கெட்டிக்காரன், ஏறக்குறைய எல்லா ஆட்டமும் ஜெயித்தான். ஆனால் எறிந்த பந்தை எதிரணிக்காரன் பிடித்துவிட்டால், தன் பக்கத்துப் பையனை முறைப்பான். தப்பெல்லாம் பெண் வீட்டார் மேல்தான். அவன் நல்ல லீடர் என்று டிவியில் ஓயாமல் சொன்னார்கள். கல்லூரியில் பெற்றோர் வார இறுதிக்குப் போனபோது, ஸ்டேடியத்தின் நீள வராண்டாவில் அந்தக் கல்லூரியின் பழைய குவார்ட்டர்பேக்குகள் படமெல்லாம் மாட்டியிருந்தார்கள். தோல் ஹெல்மெட் காலத்து ஆட்கள்கூட இருந்தார்கள். மாப்பிள்ளை படம்தான் இருப்பதிலேயே பெரிது. நான் அந்தப் படத்தையும் ஒரு முறை முறைத்துவிட்டு வந்தேன்.

அடுத்தவன் கணக்கு வாத்தியார். ஒல்லி. ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கும் முன் அவன் உதடு அசையும், ஏதோ கூட்டிக் கழித்துக்கொள்வது மாதிரி. பாதி ஆட்டம் தோற்றான். ஆனால் எவனாவது கைக்கு வந்த பந்தை நழுவவிட்டு பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்தால், இவன் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான். ஒன்றும் பேச மாட்டான். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போவான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அவன் படம் அந்த வராண்டாவில் இருக்கிறதா என்று தெரியவில்லை. அவன் காலத்துக்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

அவனைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். பந்து பறிபோனதும் எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள், நான் பெஞ்சைப் பார்ப்பேன். தப்பு செய்தவன் பக்கத்தில் யார் போய் உட்கார்கிறார்கள் என்று கேமரா காட்டும்வரை காத்திருப்பேன். பெரும்பாலும் யாரும் உட்கார மாட்டார்கள். அறுபதாயிரம் பேர் கத்தும் இடத்தில் அந்தப் பையனைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருக்கும். எனக்கு அந்தக் காலி இடம் நன்றாகவே தெரியும். கணவர் போன பிறகு கோயில் ஹாலில் சாப்பிட உட்கார்ந்தால் என் இரண்டு பக்கமும் அப்படித்தான் இருக்கும். ஜோடி ஜோடியாக வருகிறவர்கள் என்னிடம் அன்பாக நலம் விசாரித்துவிட்டு வேறு மேஜைக்குப் போய்விடுவார்கள்.

ஆபீஸிலும் இந்த அறிவு ஒரு நாள் உதவியது. ஒரு மீட்டிங்கில் மேனேஜர் என்னைப் பார்த்து, இந்த சாஃப்ட்வேர் ரிலீஸுக்கு நீதான் குவார்ட்டர்பேக் என்றார். டீமில் இருந்த நம்ம ஆட்கள் எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி கை தட்டினார்கள். எல்லாரும் என் மேல்தான் வந்து விழப்போகிறார்கள் என்பது எனக்கு மட்டும்தான் புரிந்தது. அப்படியே நடந்தது.

மூன்றாவது ஆள் கிளிப்போர்டு, இவனுக்கு மட்டும் தமிழ்ப் பெயர் அமையவில்லை. நான்கு வருடம் மைதான ஓரத்தில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். ஆடுகிறவனுக்கு அடிபட்டால்தான் இவனுக்கு வாய்ப்பு. யாருக்கும் அடிபடவில்லை. படிப்பு முடியும் வருடத்தில் ஒரே ஒரு ஆட்டத்தில் இறக்கினார்கள். அப்போது மகன் சான்டா கிளாராவில் வேலைக்குச் சேர்ந்து முதல் வருடம். போனில்தான் சேர்ந்து பார்த்தோம். கிளிப்போர்டு உயிரைக் கொடுத்து ஆடினான். கடைசி நிமிடத்தில் அவன் எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிட்டது. தோல்வி. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். யாரும் பக்கத்தில் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்தான். தனக்காக அடி வாங்கிய அந்த ஐந்து குண்டுப் பையன்களிடமும் போய், ஒவ்வொருவன் தலையையும் தொட்டுவிட்டு உள்ளே நடந்தான். நான் விசும்பி விசும்பி அழுதேன். போனில் மகன் ஒன்றும் சொல்லவில்லை. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். இருக்கேன் என்றான்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் வாடகைக்காரர்கள். இப்போது விதி மாறிவிட்டது. ஒரு வருடம் இந்தக் கல்லூரியில் ஆடிவிட்டு, அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குப் பெட்டியைத் தூக்கலாம். முகம் பழகுவதற்குள் ஆள் மாறிவிடுவான். அவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கவே எனக்கு மனம் வரவில்லை. இந்த வருஷத்து வாடகைக்காரன், போன வருஷத்து வாடகைக்காரன், அவ்வளவுதான். மகனும் புதிதாகப் பெயர் எதுவும் யோசிக்கவில்லை. அது எனக்கு அப்போது உறுத்தவில்லை.

இன்னொன்றும் உறுத்தவில்லை. என் வீட்டில் டிவிக்கு ஆன்டெனா. ஆட்டம் நடக்கும்போதே படம் வந்துவிடும். மகனுக்கு ஸ்ட்ரீமிங், அரை நிமிடம் தாமதமாகத்தான் வரும் என்று அவனே சொல்லியிருந்தான். அதனால் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்து, இங்கே டச் டவுன் விழுந்து எங்கள் பக்கம் பாயிண்ட் ஏறினாலும் நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சும்மா இருப்பேன். அவனுடைய சந்தோஷத்தை முன்கூட்டிச் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது இல்லையா? அவன் அங்கே "யெஸ்" என்ற பிறகு, அப்போதுதான் பார்த்தவள் மாதிரி நானும் கூவுவேன். இப்படி அரை அரை நிமிடமாக நான் நடித்த நடிப்புக்கு ஒரு அவார்டே கொடுக்கலாம்.

இந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கம் இடி மின்னலோடு மழை கொட்டியது. கரண்ட் போய்விட்டது. டிவி இல்லை, ஏசி இல்லை. மகனிடம் சொன்னால் பதறிப்போய் யாராவது ஒரு ஆன்டிக்கு போன் பண்ணி என் வீட்டுக்கு அனுப்புவான். போனையும் வைத்துவிடுவான். அதனால் சொல்லவில்லை. காரேஜுக்குப் போய், மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, மோட்டாரிலிருந்து விடுபட்ட கதவைக் கையால் தூக்கித் திறந்தேன். காரில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டு, ரேடியோவில் ஆட்டத்தை அவனுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக வைத்தேன். மடியில் போன். வெளியே மழை. காரில் இப்படி எங்கும் போகாமல் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது.

ரேடியோக்காரர் சொன்னார், வாடகைக்காரனுக்குத் தோளில் அடி, உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள், முதல் வருடப் பையன் ஒருவன் இறங்கியிருக்கிறான் என்று. அந்தச் சின்னவன் எறிந்த முதல் பந்தே எதிரணி கையில். வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு மகனின் அரை நிமிடத்துக்காகக் காத்திருந்தேன். அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. அவன், நம்ம ஆளு இன்னைக்கு நல்லா எறியறான்மா என்றான்.

யார் என்று கேட்டேன். வாடகைக்காரன்தான் என்றான்.

என் பிழைப்பே குறை கண்டுபிடிப்பது. ஒரு இடத்தில் இடித்தால், அதே இடத்தை வேறு கோணத்திலிருந்து தட்டிப் பார்ப்பேன். பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை, கோச் நிற்கிறார் என்றான். வாடகைக்காரன் தோளை அசைக்கிறானா, வலிக்கிற மாதிரி தெரிகிறதா என்று கேட்டேன். இல்லம்மா, ஹி லுக்ஸ் ஃபைன் என்றான். ரேடியோவில் அதே நொடியில் அந்த வாடகைக்காரனுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோவை அணைத்தேன். அவன் பார்க்கவில்லை. இன்றைக்கு மட்டும் இல்லை என்பதும் உடனே தெரிந்துவிட்டது. அந்தத் தாமதம் ஸ்ட்ரீமிங்கால் வந்ததில்லை. போனில் ஸ்கோர் மாறுவதை எட்டிப் பார்த்து "யெஸ்" சொல்லியிருக்கிறான். அதற்காக நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. தலைவலிக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன். காரிலேயே இருந்தேன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். பிள்ளை என் மேல் பரிதாபப்பட்டு, ஒரு கடமை மாதிரி இதைச் செய்திருக்கிறான் என்பதுதான் தாங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மனதுக்குள் அவனோடு சண்டை போட்டேன். கேட்டுவிட்டால் அவன் அழைப்பதை நிறுத்திவிடுவான். அதுவும் போனால் எனக்கு மிச்சம் கட்டைவிரல்தான். கேட்காமல் விட்டால், இரக்கத்துக்கு வரும் குரலை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் எது மேல் என்று எனக்கு முடிவு பண்ணத் தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. டிவியை நான் போடவில்லை. போன் அடித்தது. அவன் எப்போதும்போல உற்சாகமாக, குட் ஸ்டார்ட்மா, பாத்தியா என்றான்.

"டிவி ஆஃப்ல இருக்கு சாமி. நீயும் பாக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

மறுமுனையில் பின்னால் ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது. எப்போதும் கேட்கும் இரைச்சல்தான், ஸ்டேடியக் கூட்டத்தின் சத்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கரண்ட் போனதையும், காரில் ரேடியோ கேட்டதையும், வாடகைக்காரன் தோளில் அடிபட்டதையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, அதற்கு ரொம்பக் கஷ்டப்பட்டேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். அபார்ட்மென்ட் லாண்டரி ரூமில் என்றான். அந்த இரைச்சல் துணி காயவைக்கும் ட்ரையர். சனிக்கிழமை மதியம் அங்கே யாரும் வர மாட்டார்கள், அதனால் துணியைப் போட்டுவிட்டு, அங்கே உட்கார்ந்துதான் எப்போதும் பேசுவானாம்.

கிளிப்போர்டு தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு என் மகன் ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கப் பார்க்க, அப்பா போன வாரத்தில் மாடியில் தான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்துவிட்டது என்றான். பிறகு ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"அப்பா ஃபியூனரல்ல எல்லா அங்கிளும் என் தோள்ல கை வச்சு, இனிமே நீதான் லீடர், அம்மாவ நீதான் பாத்துக்கணும்னு சொன்னாங்க. எனக்கு நைன்டீன் வயசும்மா. எப்படிப் பாத்துக்கறதுன்னு யாருமே சொல்லல. உனக்கு ஃபுட்பால் பிடிச்சிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம் அதுதான்."

அந்த அங்கிள்கள் ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நல்லவர்கள்தான். ட்ரேயில் சாப்பாடு கொண்டுவந்தவர்கள்தான். அதே கையை அந்தக் குழந்தையின் தோளில் வைத்து அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் பக்கத்தில்தானே இருந்தேன், எனக்கு ஏன் அது காதில் விழவில்லை?

"எனக்கு ஃபுட்பால் பிடிக்காதுடா. நீ பேசினியேன்னு கத்துக்கிட்டேன்" என்றேன்.

அவன் சிரித்தான். பாதியில் அந்தச் சிரிப்பு வேறு என்னவோ ஆகிவிட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நானும் அழுதேன், அதை மறைக்கவில்லை. இனிமேல் நீ என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், கடமைக்காக ஒரு போனும் பண்ண வேண்டாம், உனக்கு சனிக்கிழமை ஆயிரம் வேலை இருக்கும், ஃப்ரெண்ட்ஸோடு எங்காவது போ என்று சொன்னேன். அவனுக்கு விடுதலை கொடுக்கிறேன் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். பெருமையாகக்கூட இருந்தது.

ட்ரையர் நின்றது. அந்த அறை எவ்வளவு அமைதியானது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வைக்காதம்மா. நீ வச்சுட்டா, மண்டே வரைக்கும் என்கிட்ட பேச யாரும் இல்ல."

நான் வைக்கவில்லை. அவன் துணி மடிக்க ஆரம்பித்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.